தெருவிளக்கும் தெருவில் நடப்போரும்

 

இன்று நாம் உங்களிடம் பேச எடுத்துக்கொண்ட பொருள் தெருவிளக்கு. இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். பால்மரம் வெட்டும் நீங்கள் இருளுக்கு அஞ்சாதவர்கள். விடியுமுன் எழுந்து, பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பாம்பும் பூரானும் நடமாடும் காட்டில் நிரை நிரையாக மரம் வெட்டியவர்கள். உங்கள் பெற்றோர் கார்பைட் விளக்கு ஏந்தினார்கள். நீங்கள் பேட்டரி விளக்கு ஏந்துகிறீர்கள். இருள் உங்களுக்குப் பழகிய ஒன்று.

ஆயினும் ஓர் உண்மையை நாம் மறந்துவிடுகிறோம். பால் வெட்டச் செல்பவர் தம் வெளிச்சத்தைத் தம் தலையிலேயே சுமந்து செல்கிறார். ஓய்வு பெற்ற முதியவரும், பள்ளிப் பேருந்துக்குக் காத்து நிற்கும் குழந்தையும், தொழிற்சாலைப் பேருந்தை நோக்கி விரையும் பெண்ணும் அவ்வாறு சுமந்து செல்வதில்லை. அவர்கள் தெரு தரும் வெளிச்சத்தையே நம்பி நடக்கிறார்கள். அந்தத் தெருவைத் தோண்டும்போதும், அந்த விளக்கைக் கழற்றி வேறொன்றை மாட்டும்போதும் முதலில் இடறி விழுகின்றவர்களும் அவர்களே.

தெருக் கேட்ட கதை

ஈப்போ நகருக்கு அண்மையில், முன்னர் ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்பொழுது குடியிருப்பாக மாறிவிட்ட ஓரிடத்திற்கு நாம் சென்றிருந்தோம். லயங்கள் இருந்த இடத்தில் சிறு கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றன. கோயில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அங்கே எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியைக் கண்டோம். நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். இனிப்பு நீர் நோயால் பார்வை மங்கியவர். கோயிலுக்கும், பெரிய சாலையோரத்துச் சுகாதார நிலையத்திற்கும், மளிகைக் கடைக்கும் துணையின்றித் தாமே நடந்து சென்று வந்தவர்.

"கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, தம்பி. ஆனால் இந்தத் தெரு என் காலுக்குத் தெரியும்," என்றார் அவர்.

அந்தத் தெருவில் கால்வாய் சீரமைப்பும் விளக்கு மாற்றமும் ஒரே காலத்தில் தொடங்கின. நடைபாதை ஓரம் நெடுகப் பள்ளம் வெட்டப்பட்டது. மண் மறுபக்கம் குவிக்கப்பட்டது. பழைய விளக்குகள் கழற்றப்பட்டன. புதியவை வந்து சேரச் சில வாரங்கள் பிடித்தன. பள்ளத்தின் குறுக்கே ஒற்றைப் பலகை ஒன்று போடப்பட்டது. இளைஞர்கள் அதைத் தாண்டிப் போனார்கள். மோட்டார் சைக்கிள்கள் சுற்றிப் போயின. மூதாட்டி வீட்டிலேயே தங்கிவிட்டார். மாலைப் பூசைக்குப் போகவில்லை. சுகாதார நிலையத்தில் குறித்துக் கொடுத்த இரண்டு நாட்கள் கடந்து போயின. மாத்திரைகள் தீர்ந்து போயின. அவர் யாரிடமும் முறையிடவில்லை. அவர் வரவில்லை என்பதை யாரும் கவனிக்கவும் இல்லை.

இதில் யாரும் தீங்கு நினைக்கவில்லை என்பதையும் நாம் சொல்லவேண்டும். கால்வாய் சீரமைப்பு தேவையான பணி; மழைக்காலத்தில் அவ்வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டிருந்தது. புதிய விளக்குகளும் நல்ல விளக்குகளே. வேலை செய்தவர்கள் தங்களுக்கு இட்ட வேலையைச் செய்தார்கள். ஆனால், "இத்தெருவில் யார் யார் நடக்கிறார்கள்?" என்னும் ஒரு கேள்வியை மட்டும் எவரும் கேட்கவில்லை. அக்கேள்வியை எழுப்பவே இவ்வுரை.

மின்னொளி வந்த வழி

நம் நாட்டில் மின்னொளி வந்த வரலாற்றைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். 1894-ஆம் ஆண்டில் சிலாங்கூரின் ரவாங்கில், லோக் யூ என்னும் சீனரும் தம்புசாமிப் பிள்ளை என்னும் தமிழரும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை நிறுவினர். மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதற்கான முதல் பதிவாக அதுவே கருதப்படுகிறது. 1900-இல் பகாங்கின் ராவுப் தங்கச் சுரங்கத்திற்காக செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் அமைந்தது. நம் பேராக் மாநிலத்திலோ, பேராக் ஆற்றின் குறுக்கே செண்டெரோ அணை 1930-இல் எழுந்தது. அங்கே பிறந்த மின்சாரம் முதன்மையாகக் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களை இயக்கச் சென்றது.

நகரங்களும் சுரங்கங்களும் ஒளி பெற்ற அந்நாட்களில், ரப்பர்த் தோட்டத்து லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. 1877-ஆம் ஆண்டில் ஹியூ லோ என்பவர் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அன்று தொடங்கிய ரப்பர்த் தொழில் நாட்டுக்கே செல்வம் ஈட்டித் தந்தது. அதை ஈட்டியவர்களின் வாசலுக்கு விளக்கு வரப் பல தலைமுறைகள் ஆயின. பின்னர்த் தோட்டத்து மின்னாக்கிகள் மாலையில் சில மணி நேரமும் விடியலில் சிறிது நேரமும் ஓடின. மின்னாக்கி நின்றால் தோட்டமே இருண்டுவிடும். அந்த ஓசை நின்றதும் உறங்கப் போன நாட்கள் உங்களுள் மூத்தோர்க்கு நினைவிருக்கும். தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தர விதிகளை 1966-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்பின் 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் வகுத்தன. குடிநீரும் மின்சாரமும் தருவது முதலாளியின் கடமையாயிற்று.

ஆகவே, தெருவிளக்கை நம் மக்கள் எளிதாகப் பெற்றுவிடவில்லை. நெடுங்காலம் காத்திருந்து பெற்றது, பெற்ற பின்னரும் எட்டாமல் போகலாகாது.

கண்ணும் காலும்

எளியோர் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? முதலில் முதியோர். மனிதனின் கண் வயதாக ஆக ஒளியைக் குறைவாகவே உள்ளே விடுகிறது. கண்மணியின் திறப்புச் சுருங்குகிறது. உள்ளிருக்கும் வில்லை மஞ்சளிக்கிறது. அறுபது வயதுக் கண்ணின் உட்திரையைச் சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணைச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்று கண் அறிஞர் கூறுவர். இளைஞனுக்குப் போதிய வெளிச்சம் என்று தோன்றும் தெரு, அவனுடைய பாட்டிக்கு அரையிருள். அதுமட்டுமன்று, வெளிச்சமான இடத்திலிருந்து இருண்ட இடத்திற்கு வரும்போது முதிய கண் பழகிக்கொள்ள நெடுநேரம் ஆகும். ஒரு விளக்குப் பளீரென எரிந்து, அடுத்த விளக்கு அணைந்து கிடந்தால், இரண்டுக்கும் இடையில் அவர் குருடர் போலவே நடக்கிறார்.

அடுத்து, இனிப்பு நீர் நோயாளர். 2019-ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியரிடையே அது 30 விழுக்காட்டுக்கும் மேல். நம் வீடுகளில் மூவர்க்கு ஒருவர் என்னும் கணக்குக்கு அண்மையில் அது நிற்கிறது. இந்நோய் முற்றினால் கண்ணின் உட்திரை பழுதுறும். காலின் உணர்ச்சியும் குன்றும். உணர்ச்சி குன்றிய காலில் கூரிய கல் குத்தினாலும் வலி தெரியாது. தெரியாத புண் சீழ்ப்பிடிக்கும். சீழ் பிடித்த கால் சிலவேளை வெட்டப்படும். கல் பரப்பி மூடாமல் விட்ட ஒரு பள்ளம், நல்ல காலுடையவனுக்குச் சிறு தொல்லை. அந்நோயாளிக்கோ காலையே இழக்கும் இடர்.

பார்வையற்றோர், சக்கர நாற்காலியில் செல்வோர், சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு விடியுமுன் புறப்படுவோர், இரவு முறை முடிந்து தனியே வீடு திரும்பும் பெண்கள், பால்புட்டியும் பையுமாகக் குழந்தையைத் தூக்கிச் செல்லும் தாய்மார் ஆகிய அனைவரும் இவ்வரிசையில் சேர்வர். நாட்டில் மூத்தோர் விகிதம் மிகுந்த மாநிலங்களுள் நம் பேராக்கும் ஒன்று. இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிச் செல்ல, வீட்டில் எஞ்சி இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களே. நம் தெருக்கள் இன்று அவர்களுடைய தெருக்கள்.

விளக்கு மாற்றம்: நன்மையும் கவனமும்

ஈப்போ உட்பட நாட்டின் பல நகரங்களில், மஞ்சள் ஒளி வீசும் பழைய சோடியம் விளக்குகள் கழற்றப்பட்டு எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டு வருகின்றன. உலகெங்கும் நடைபெறும் மாற்றம் இது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2009-இல் இப்பணியைத் தொடங்கியது. இந்தியாவில் 2015 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின்கீழ் ஒரு கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மாற்றப்பட்டன.

இம்மாற்றம் வரவேற்கத் தக்கதே. எல்.இ.டி. விளக்கு ஏறத்தாழப் பாதி மின்சாரத்தில் அதே அளவு ஒளியைத் தரும். நம் நாட்டில் இரவு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். ஆகவே ஒரு தெருவிளக்கு ஆண்டுக்கு 4,380 மணி நேரம் எரிகிறது. சோடியம் விளக்கின் ஆயுள் சுமார் 24,000 மணி. அஃதாவது ஐந்தாண்டு சொச்சம். எல்.இ.டி. விளக்கு 50,000 மணிக்கும் மேல் எரியக்கூடியது; பத்தாண்டுக்கும் மேல். சோடியம் விளக்கு மின்தடைக்குப் பின் மீண்டும் எரியச் சில நிமிடங்கள் எடுக்கும், எல்.இ.டி. உடனே எரியும். மஞ்சள் ஒளியில் சிவப்பும் பழுப்பும் ஒன்றுபோல் தோன்றும்; வெள்ளொளியில் எதிரே வருபவரின் முகம் தெரியும். தனியே நடக்கும் பெண்ணுக்கு இது பெரிய ஆறுதல்.

எனினும் மூன்று செய்திகளில் கவனம் வேண்டும்.

முதலாவது, கண்கூச்சம். ஒளி மிகுந்த வெள்ளை விளக்கை மறைப்பின்றி மாட்டினால், முதிய கண்ணும் கண்புரை விழுந்த கண்ணும் கூசும். தரையிலுள்ள பள்ளம் தெரியாது. மிகுதியான நீல ஒளி உறக்கத்தையும் கெடுக்கும். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-ஆம் ஆண்டில், தெருவிளக்கின் நிற வெப்பநிலை 3,000 கெல்வினுக்கு மேற்படாமல் இருப்பதும், ஒளி பக்கவாட்டில் சிதறாமல் மறைப்பு இடுவதும் நன்று என்று அறிவுறுத்தியது. தெருவை ஒட்டியே சன்னல் வைத்த நம் வீடுகளில், இரவு முறை வேலை முடித்து உறங்குவோர்க்கும் கைக்குழந்தைக்கும் இது வேண்டும்.

இரண்டாவது, இடைக்காலம். பழையது கழற்றிய அன்றே புதியது மாட்டப்பட வேண்டும். ஒரு தெரு முழுவதும் கழற்றி வைத்துவிட்டுப் பின்னர் மாட்டுவது வேலைக்கு எளிது, நடப்பவர்க்கு அரிது. ஒரு கம்பத்தில் மாற்றி எரியவைத்த பின்னரே அடுத்த கம்பத்திற்குச் செல்லும்படி வேலையை ஒழுங்கு செய்தல் இயலாத காரியமன்று.

மூன்றாவது, விடுபட்ட இடங்கள். பெரிய சாலை ஒளிர்ந்து, குறுக்குச் சந்து இருண்டு கிடந்தால் அச்சந்து முன்னிலும் இருண்டதாகவே தோன்றும். கோயில் வழி, பள்ளி வழி, பேருந்து நிற்கும் இடம், சுகாதார நிலைய வழி ஆகியவை முதலில் ஒளி பெறுதல் வேண்டும். மின்கம்பித் திருட்டினால் தெருக்கள் இருளும் கொடுமையும் நாட்டில் உண்டு. சில வெள்ளிக்காகச் செம்புக் கம்பியை அறுப்பவன், ஒரு தெரு முழுவதன் கண்ணையும் அறுக்கிறான் என்பதை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டும்.

தோண்டும் தெரு

இனி, சாலைப் பணி. குழாய் பதித்தல், கால்வாய் கட்டுதல், மின்கம்பி புதைத்தல் என ஏதேனும் ஒரு காரணத்தால் தெரு தோண்டப்படுகிறது. சாலைப் பணி நடைபெறும் இடங்களில் வைக்கவேண்டிய தற்காலிக அடையாளங்களைப் பற்றிப் பொதுப்பணி இலாகா 1985-ஆம் ஆண்டு வரிசையிலேயே தொழில்நுட்ப விதிகளை வகுத்திருக்கிறது. எச்சரிக்கைப் பலகை, கூம்பு, இரவு விளக்கு எல்லாம் அவற்றுள் அடங்கும். ஆனால் பலகையைப் படிக்கக் கண் வேண்டும். கூம்பைக் காண வெளிச்சம் வேண்டும்.

பார்வையற்றவர் வெண்கோலால் தரையைத் தடவி நடக்கிறார். இடுப்பு உயரத்தில் கட்டிய சிவப்பு வெள்ளை நாடா அவர் கோலுக்குத் தட்டுப்படாது. நாடாவைத் தாண்டிப் பள்ளத்திற்குள் கால் வைத்த பின்னரே அவர் அதை அறிவார். ஆகவே தடுப்பின் கீழ்ப்பகுதி தரையை ஒட்டி இருக்கவேண்டும். ஒரு மரச்சட்டம் போதும். சக்கர நாற்காலிக்கு ஒரு மீட்டருக்குக் குறையாத அகலமுள்ள வழி வேண்டும். ஒற்றைப் பலகை வழியாகாது. அகலப் பலகையும் ஒரு பக்கக் கைப்பிடியும் வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

1967-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள், சப்பானின் ஒக்காயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளியின் அருகே, புடைப்புகள் கொண்ட வழிகாட்டிக் கற்கள் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. செய்ச்சி மியாக்கே என்பவர் அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர் அவற்றை உருவாக்கினார். கால் உணரும் எழுத்து என்று அதைச் சொல்லலாம். இன்று உலகெங்கும் அக்கற்களைக் காணலாம். நம் நாட்டில், 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இயங்கும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அவை நெடுகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. 2010-இல் அப்பகுதி லிட்டில் இந்தியாவாக மாற்றி அமைக்கப்பட்டபோது, சாலைப் பணிகளும் போக்குவரத்து மாற்றங்களும் தங்கள் நடமாட்டத்தைக் குலைத்ததை அங்குள்ள பார்வையற்றோர் எடுத்துரைத்தனர். வழிகாட்டிக் கற்களின்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதும் கடைச் சாமான்களைப் பரப்புவதும் வேறு தொல்லை. அழகுபடுத்தும் பணியே ஆயினும், அவ்வழியே நடப்பவரைக் கேளாமல் செய்தால் அது அவர்க்குத் தடையாகும் என்பதற்கு இதுவே சான்று.

ஈப்போவின் பழைய கடைத் தெருக்களில் அஞ்சடி என்று நாம் வழங்கும் ஐந்தடி நடைபாதை உண்டு. வெயிலுக்கும் மழைக்கும் நிழல் தரும் அருமையான அமைப்பு அது. 1974-ஆம் ஆண்டுத் தெரு, கால்வாய், கட்டடச் சட்டம், பொதுவழியை அடைப்பதைக் குற்றமாக்குகிறது. சாலை தோண்டப்பட்டிருக்கும் நாட்களில் அஞ்சடி ஒன்றே முதியோர்க்கு வழி. அந்நாட்களிலேனும் கடைக்காரர்கள் அதைத் திறந்து வைத்தல் அறமாகும்.

தெரு யாருடையது?

நம் தோட்டப் பகுதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. இதை நீங்கள் நன்கு அறிந்துகொள்ள வேண்டும். மேற்சொன்ன 1974-ஆம் ஆண்டுச் சட்டம், பொதுத் தெரு வேறு, தனியார் தெரு வேறு என்று பிரிக்கிறது. தோட்டத்துச் சாலை தோட்டத்துக்குச் சொந்தமானது. அது தனியார் நிலம். தோட்டம் இயங்கும்வரை சாலையும் விளக்கும் நிர்வாகத்தின் பொறுப்பு. தோட்டம் விற்கப்பட்டு, நிலம் வீடமைப்புக்குச் சென்றால், மேம்பாட்டாளர் சாலை அமைத்து ஊராட்சி மன்றத்திடம் ஒப்படைக்கும்வரை அது அவர் பொறுப்பு. ஒப்படைத்து ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்னரே அது பொதுத் தெரு.

மாநிலச் சாலைகளைப் பேண மத்திய அரசு கூட்டரசு அரசியல் சட்டத்தின்படி மாநிலங்களுக்கு மானியம் வழங்குகிறது. அம்மானியம் சாலைப் பதிவேட்டில் இடம்பெற்ற சாலைகளுக்கே கணக்கிடப்படுகிறது. பதிவேட்டில் இல்லாத சாலைக்குப் பணம் வராது; பணம் வராத சாலையில் விளக்கு அணைந்தால் மாற்றுவார் இல்லை. சிம்மோர், தஞ்சோங் ரம்புத்தான், பத்துகாஜா, கோப்பெங், சுங்கை சிப்புட் என நம் மாநிலத்தில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. மாறும் காலத்தில், பழைய முதலாளியும் போய், புதிய பொறுப்பாளரும் வராத இடைவெளியில் சில தெருக்கள் நிற்கின்றன. இருட்டில் நிற்கும் தெருவைக் கண்டால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "விளக்கு ஏன் எரியவில்லை?" என்பதன்று, "இத்தெரு யார் பெயரில் இருக்கிறது?" என்பதே. விடை கிடைத்தால்தான் விண்ணப்பம் உரிய வாசலைச் சேரும்.

உடற்குறையுடையோர்க்குப் பொதுவசதிகளை மற்றவரைப் போலவே பயன்படுத்தும் உரிமை உண்டு என்று 2008-ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டம் கூறுகிறது. அவர்கள் உரிமைபற்றிய ஐக்கிய நாடுகள் ஒப்பந்தத்தை நம் நாடு 2010-இல் ஏற்றது. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று.

நாம் செய்யக்கூடியவை

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் எங்கே, எப்படி அழவேண்டும் என்பதையும் அறியவேண்டும்.

விளக்குக் கம்பத்தில் எண் எழுதப்பட்டிருக்கும். அணைந்த விளக்கைப் பற்றிக் கூறும்போது அவ்வெண்ணையும் தெருவின் பெயரையும் அணைந்த நாளையும் குறித்துக் கூறுங்கள். "எங்கள் தெருவில் விளக்கு இல்லை" என்னும் முறையீட்டைவிட இது பத்து மடங்கு பயன் தரும். மின்தடையையும் மின்கம்பக் கோளாற்றையும் தெனாகா நேஷனலுக்கு 15454 என்னும் எண்ணில் தெரிவிக்கலாம். நகரச் சாலை விளக்கையும் கால்வாயையும் பற்றி ஈப்போ மாநகர் மன்றம் அல்லது உங்கள் ஊராட்சி மன்றத்திடம் கூறவேண்டும். கூட்டரசுச் சாலையாயின் பொதுப்பணி இலாகா. தோட்டச் சாலையாயின் நிர்வாகத்திடம், உங்கள் தொழிற்சங்கத்தின் வழியாக. எழுத்து மூலம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வையுங்கள்.

பணி தொடங்குமுன், எந்நாள் தொடங்கி எந்நாள் முடியும் என்று கேளுங்கள். அறிவிப்பு வந்தால், படிக்கத் தெரியாத முதியோர்க்கும் மலாய் அறியாதோர்க்கும் வீடு வீடாகச் சென்று தமிழில் சொல்லுங்கள். பார்வையற்றவர்க்கு அறிவிப்பு ஒட்டுவது பயனற்றது. அவர் கையைப் பிடித்து மாற்று வழியில் ஒருமுறை நடத்திக் காட்டவேண்டும்.

1975-ஆம் ஆண்டில் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா அக்கம்பக்கத்தாரை ஒன்றுசேர்க்கவே ஏற்பட்டது. கோயில் நிர்வாகக் குழு, பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மன்றம் ஆகியவையும் நம்மிடம் உண்டு. இவற்றுள் ஒன்று, தெருவிலுள்ள எளியோர் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கட்டும்: தனித்து வாழும் முதியோர் யார், சக்கர நாற்காலியில் இருப்போர் யார், மருத்துவமனைக்குக் குறித்த நாளில் செல்லவேண்டியவர் யார் என்று. தெரு தோண்டும் வாரத்தில் அப்பட்டியலைக் குத்தகையாளரின் மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். அவரும் ஒரு தாயின் பிள்ளையே. உங்களுள் சிலரே அத்தகைய குத்தகை வேலைக்கும் செல்கிறீர்கள். மாலையில் வேலை முடித்துப் புறப்படுமுன், அத்தெருவில் உங்கள் பாட்டி நடப்பதாக எண்ணி ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

மூதாட்டி கதையின் முடிவு

நாம் முன்னர்ச் சொன்ன மூதாட்டியின் கதையை முடிக்கவேண்டும். கோயிலில் அவரைக் காணோமே என்று கேட்டவர் அங்கே பூக்கட்டும் ஓர் அம்மாள். அவர் வீட்டுக்குச் சென்று பார்த்த பின்னரே செய்தி வெளிவந்தது. அத்தெருப் பிள்ளைகள் நால்வர் வேலைத் தலத்து மேற்பார்வையாளரிடம் சென்று பேசினர். அவர் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர். அவர் மொழியும் இவர்கள் மலாயும் ஒருவாறு பொருந்தின. மறுநாளே அகலமான பலகை ஒன்று போடப்பட்டது. அதற்கு ஒரு பக்கம் மரக் கைப்பிடியும் அடிக்கப்பட்டது. பிள்ளைகள் பள்ளத்தின் விளிம்பு நெடுகச் சுண்ணாம்பு பூசினர். இரவில் அது வெண்கோடாகத் தெரிந்தது. பூக்கட்டும் அம்மாள் தம் மகனின் வண்டியில் மூதாட்டியைச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றார். சருக்கரை அளவு மிக ஏறியிருந்தது. நல்ல வேளையாகக் காலில் புண் இல்லை.

பின்னர்ப் புதிய விளக்குகள் எரிந்தன. நாம் மறுபடி சென்றபோது மூதாட்டி கோயில் வாசலில் அமர்ந்திருந்தார். விளக்கு எப்படி என்று கேட்டோம்.

"நல்ல வெளிச்சம், தம்பி. வீட்டுச் சன்னலில் மட்டும் அடிக்கிறது. அதற்கு ஒரு மறைப்புப் போடச் சொல்லியிருக்கிறார்கள்," என்றார்.

கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டார் அவர் என்று நாம் மகிழ்ந்தோம்.

பெருமக்களே! சாலைகள் வரட்டும், புதிய விளக்குகளும் வரட்டும். அவை வரும்போது ஒருவரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டாம். இன்று மாலை வீடு திரும்பும்போது உங்கள் தெருவை ஒருமுறை மெதுவாக நடந்து பாருங்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்தக் கால்வாய் மூடப்படவில்லை, எந்த வீட்டுக் கதவு சில நாட்களாகத் திறக்கவில்லை என்று பாருங்கள். பார்த்ததை நாளையே உரியவரிடம் சொல்லுங்கள்.